கம்பெனி யார் கையில், வரி யார் தலையில்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு முன்னால பேசின மாணவத் தோழர் ஒரு கணக்குச் சொன்னார். அவர் தங்கியிருக்கிற விடுதியில் போன வருஷத்து உதவித்தொகை கைக்கு வந்தவங்க பாதிப் பேர்கூட இல்லை. காலேஜில் ஃபீஸ் பாக்கின்னு சொல்லி ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கிறாங்க. ஆபீசுக்குப் போய்க் கேட்டா ஒரே பதில்: "நிதி வரலை." இந்த "நிதி வரலை" என்கிற ரெண்டு வார்த்தையைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம்னு வந்திருக்கேன். நிதி எங்கேயிருந்து வரணும்? வழியில யார் கையில தங்கிப்போச்சு?

தலைப்பைப் பார்த்துட்டு வாசல்லயே ஒரு தோழி கேட்டாங்க. "அண்ணே, கம்பெனி வரியெல்லாம் ஆடிட்டருங்க பேசுற விஷயமாச்சே, நமக்கு என்னத்துக்கு?" நியாயமான கேள்வி. நான் ஆடிட்டர் இல்லை. ஆனால் பி.காம். முடிச்சதும் ஒரு ஆடிட்டர் ஆபீசில் மூணு வருஷம் ஃபைல் தூக்கியிருக்கேன். அங்கே ஒரு மில் முதலாளி குடும்பம் கட்சிக்காரர். ஊர் பேர், மில் பேர் வேண்டாம். ஜூலை மாசம் வந்தால் அந்தக் குடும்பத்து ஃபைல்களை எடுத்து மேஜையில் அடுக்குறது என் வேலை. ஒண்ணு ரெண்டு இல்லை, பதினோரு ஃபைல். மில் கம்பெனி ஒண்ணு. மில்லுக்குப் பஞ்சு வாங்கித் தர்ற கம்பெனி ஒண்ணு. மில் கட்டடத்துக்கு வாடகை வாங்குற கம்பெனி ஒண்ணு. பெரியவர் பேரில் தனியாக ஒரு ஃபைல். பெரியவரைக் 'கர்த்தா'வாகக் கொண்ட கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு ஃபைல். மகன்கள், மருமகள்கள், கோயில் பேரில் ஒரு டிரஸ்ட், இப்படிப் போகும். எல்லாப் பணமும் ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குத்தான் போகுது. காகிதத்தில் மட்டும் பதினோரு பேர்.

அங்கே சீனியர் கிளார்க் ஒருத்தர் இருந்தார். நல்ல மனுஷன்தான். ஒருநாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்ப்பா, உங்க குடும்பத்துக்கு எத்தனை ஃபைல் இருக்கும்?" நான் சொன்னேன், "ஒண்ணு இருக்கு சார், ரேஷன் கார்டு." அவர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடலை. ஒரு கம்பெனி எவ்வளவு வரி கட்டும் என்பதைச் சட்டத்தில் எழுதியிருக்கிற சதவீதம் தீர்மானிக்கிறதில்லை; அந்தக் கம்பெனியை யார், எந்த வடிவத்தில் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்குது. நான் இன்னைக்குச் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் ஒரு வேறுபாடு. வரி ஏய்ப்பு வேறு, வரி தவிர்ப்பு வேறு. வருமானத்தை மறைத்தால் ஏய்ப்பு, அது குற்றம். வருமானத்தை மறைக்காமல், சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து, வரி விழாத இடத்துக்கு அதை நகர்த்தி வைத்தால் தவிர்ப்பு. இதுக்கு ஆடிட்டர் பாஷையில் 'டாக்ஸ் பிளானிங்' என்று கௌரவமான பேர். 1985ல் மெக்டவல் வழக்கில் நீதிபதி சின்னப்ப ரெட்டி இந்தக் கௌரவத்தைக் கொஞ்சம் உரித்துக் காட்டினார். தவிர்ப்பு என்பது சாமர்த்தியம் இல்லை, மக்கள்நல அரசின் வருவாயைத் தின்கிற காரியம், நீதிமன்றம் அதுக்குக் கை கொடுக்கக் கூடாது என்கிற தொனியில் எழுதினார். அப்புறம் 2003ல், 2012ல் வந்த தீர்ப்புகள் அந்தச் சூட்டை நல்லாவே ஆற வைத்துவிட்டன. அதுக்குப் பிறகு வர்றேன்.

நம்ம ஊர் மில் குடும்பத்தில் பார்த்தேன் என்று சொன்னேனே, கூட்டுக் குடும்ப ஃபைல், அதைச் சும்மா தாண்டிப் போக முடியாது. 'இந்துப் பிரிக்கப்படாத குடும்பம்' என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு 'நபர்' இருக்கிறார். 1922 சட்டத்திலும் இருந்தார், 1961 சட்டத்திலும் இருந்தார். அவருக்குத் தனி வரி விலக்கு வரம்பு, தனிக் கழிவுகள். முஸ்லிம் குடும்பத்துக்கோ கிறிஸ்தவக் குடும்பத்துக்கோ இப்படி ஒரு நபர் கிடையாது. தலித் குடும்பத்துக்கு? சட்டப்படி உண்டு. ஆனால் பூர்வீகச் சொத்தே இல்லாத குடும்பத்தில் அந்த நபர் எதை வைத்துப் பிறப்பார்? சாதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலே சாதி வேலை செய்கிற இடம் இது. தலைமுறை தலைமுறையாக நிலமும் வட்டிக்கடையும் வைத்திருந்தவனுக்கு ஒரு வரிக் குடை. அவன் நிலத்தில் கூலி வேலை பார்த்தவனுக்கு அந்தக் குடை சட்டப் புத்தகத்தில் மட்டும். இது தவிர்ப்புக்குப் பயன்படுது என்று வாஞ்சூ கமிட்டி 1971லேயே சொல்லிவிட்டது. கேரளம் 1975ல் சட்டம் போட்டுக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. 2018ல் சட்ட ஆணையத்தின் கலந்தாய்வு அறிக்கையும் இதை எடுத்துவிடலாம் என்றது. எடுக்கலை.

இனி பெரிய அளவுக்குப் போவோம். மில் குடும்பம் பதினோரு ஃபைலில் செய்ததை இந்தியாவின் பெரிய தொழில் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான கம்பெனிகளில் செய்கின்றன. மேலே குடும்பத்தின் சொந்தக் கம்பெனி ஒன்று. அது இரண்டாவது கம்பெனியில் பாதிப் பங்கு வைத்திருக்கும். இரண்டாவது மூன்றாவதில் பாதி. இப்படியே கோபுரம் மாதிரி. அடியில் இருக்கிற கம்பெனியில் குடும்பத்தின் உண்மையான பணம் ரூபாய்க்கு பத்துப் பைசாகூட இருக்காது, ஆனால் அதிகாரம் முழுக்க அவங்களுக்கு. அப்போ என்ன செய்வாங்க? பத்துப் பைசா பங்கு இருக்கிற இடத்தில் லாபம் தங்கினால் தொண்ணூறு பைசா ஊரானுக்குப் போகும். அதனால் லாபத்தை மேலே உருட்டுவாங்க. கீழே இருக்கிற கம்பெனி மேலே இருக்கிறதுக்குக் குறைந்த விலைக்கு விற்கும், அதிக வட்டிக்குக் கடன் வாங்கும், 'பிராண்ட்' பேருக்குக் கட்டணம் கட்டும். மரியான் பெர்ட்ராண்ட், பரஸ் மேத்தா, செந்தில் முல்லைநாதன் மூணு பேரும் 2002ல் வெளியிட்ட ஒரு ஆய்வு இந்தியத் தொழில் குழுமங்களின் கணக்குகளை எடுத்து இப்படி லாபம் கீழிருந்து மேலே சுரங்கப்பாதை வழியாகப் போகிறதைக் காட்டியது. அதில் பேசினது வரியை இல்லை, சிறு பங்குதாரர்கள் ஏமாறுவதை. ஆனால் நீங்க யோசித்துப் பாருங்க. சிறு பங்குதாரனிடமிருந்து லாபத்தை ஒளிக்கத் தோண்டின சுரங்கம், வரி ஆபீசரிடமிருந்து ஒளிக்கப் பயன்படாதா?

பயன்படும் என்பதற்கு ரஷ்யா சாட்சி. சோவியத் உடைந்த பிறகு அங்கே எண்ணெய்க் கம்பெனிகளைப் பிடித்த புது முதலாளிகள், எண்ணெயைத் தங்கள் சொந்தத் தரகுக் கம்பெனிகளுக்கு அடிமாட்டு விலைக்கு விற்பாங்க. அந்தத் தரகுக் கம்பெனிகள் வரிச்சலுகை உள்ள பிரதேசங்களில் பதிவாகியிருக்கும். அரசுக்கு வரி போச்சு, மற்ற பங்குதாரர்களுக்கு லாபம் போச்சு, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய். 2000க்குப் பிறகு வரித்துறை பிடியை இறுக்கினபோது ஒரு விசித்திரம் நடந்தது. வரி கூடினால் கம்பெனியின் பங்கு விலை விழணும் இல்லியா? ஏறியது. தேசாய், டைக், ஜிங்கேல்ஸ் என்ற மூவர் 2007ல் இதை எழுதினாங்க. வரி அதிகாரி உள்ளே வந்து உட்கார்ந்தால் முதலாளி மற்றவங்களிடமிருந்து திருடுறதும் குறையும் என்று சந்தைக்குத் தெரிஞ்சிருக்கு. (சொல்லவேண்டியது ஒண்ணு: பிடி இறுகினது எல்லா முதலாளிக்கும் ஒரே மாதிரி இறுகலை. ஆட்சிக்கு வேண்டாதவனுக்குத்தான் முதலில் இறுகியது.)

இதில் நேர்மாறான ஒரு ஆய்வும் இருக்கு, மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் குடும்பக் கம்பெனிகள் மற்ற கம்பெனிகளைவிட வரித் தவிர்ப்பில் நிதானமாகவே இருக்கு என்று 2010ல் ஒரு ஆய்வு வந்தது. காரணம் என்ன சொல்றாங்க? குடும்பம் ரொம்பச் சிக்கலான கணக்குக் காட்டினால், 'இவங்க வரியை மட்டுமில்லை நம்மையும் சுருட்டுறாங்க'ன்னு மற்ற பங்குதாரர்கள் சந்தேகப்பட்டு விலையைக் குறைச்சிடுவாங்க, அந்தப் பயம். ஆக, குடும்பம் என்பதால் அவன் கெட்டவனும் இல்லை, நிர்வாகி என்பதால் இவன் நல்லவனும் இல்லை. உடைமையாளனைத் தட்டிக் கேட்க யாராவது இருக்காங்களா என்பதுதான் விஷயம். நம்ம நாட்டில் யார் தட்டிக் கேட்பார்? கம்பெனி போர்டில் உட்கார்ந்திருக்கிறவங்க யாரு? 2012ல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் அஜித், டோங்கர், சக்சேனா மூவரும் எழுதின கட்டுரை ஒண்ணு இருக்கு. இந்தியாவின் ஆயிரம் பெரிய கம்பெனிகளின் டைரக்டர்களைச் சாதி வாரியாக எண்ணிப் பார்த்தாங்க. ஏறக்குறைய 93 சதவீதம் முற்பட்ட சாதியினர். அதிலும் பெரும்பகுதி ரெண்டே வருணம். தலித்தும் பழங்குடியும் சேர்ந்து 3.5 சதவீதம். மாமன் கணக்கை மச்சான் தணிக்கை செய்கிற ஏற்பாடு இது.

அப்போ அரசாங்கமே பங்குதாரராக இருந்தால்? இருந்தது, தோழர்களே. நம்ம ஊர் துப்புரவுத் தொழிலாளி சம்பளத்திலும் பிடிக்கிற எல்.ஐ.சி. பிரிமியத்தில் ஒரு பகுதி தனியார் கம்பெனிப் பங்குகளில் போய் உட்காருது. 1983ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனியை லண்டன் முதலாளி ஸ்வராஜ் பால் வாங்கப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. கம்பெனியை ஆண்ட நந்தா குடும்பத்திடம் இருந்தது சிறு பங்கு, எல்.ஐ.சி. முதலான அரசு நிதி நிறுவனங்களிடம் பாதிக்கு மேலே. பங்குதாரர் என்ற முறையில் எல்.ஐ.சி. கூட்டம் கூட்டி டைரக்டர்களை மாற்றலாம் என்று 1985ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பாதிக்கு மேல் நம்ம பணம், முழு அதிகாரம் அவங்க குடும்பம். அந்தக் காலகட்டத்தில்தான் கோடிக்கணக்கில் லாபம் காட்டி, பங்குதாரருக்கு டிவிடெண்டும் கொடுத்து, வருமான வரி மட்டும் பூஜ்யம் என்று எழுதின 'பூஜ்ய வரிக் கம்பெனிகள்' இருந்தன. பத்திரிகைகளில் அதிகம் அடிபட்ட பேர் ரிலையன்ஸ். சட்டத்தை மீறலை, புதுப்புது ஆலை கட்டிக்கொண்டே இருந்தால் தேய்மானக் கழிவிலேயே வரி கரைஞ்சிடும். குறைந்தபட்சம் ஏதாவது கட்டு என்று 1987ல் ஒரு விதி கொண்டு வந்தாங்க, மூணே வருஷத்தில் எடுத்தாங்க, 1996 பட்ஜெட்டில் சிதம்பரம் திரும்பக் கொண்டு வந்தார். அந்தக் கம்பெனிகளிலும் அரசு நிதி நிறுவனங்களின் பணம் இருந்தது. உள்ளே இருந்து ஒரு கேள்வி வந்ததா? வரலை.

சரி, பன்னாட்டுக் கம்பெனி. இது நமக்குப் பக்கத்தில் இருக்கிற கதை, கொஞ்சம் நின்னு பார்ப்போம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். தாய்க் கம்பெனி, பிள்ளைக் கம்பெனி விஷயத்தில் இந்தப் பழமொழி தலைகீழ். இங்கே வாய் ரெண்டு, வயிறு ஒண்ணு. பிள்ளை இங்கே மெல்லும், செரிக்கிறது அங்கே. எப்படி? லாபமாகப் பணத்தை அனுப்பினால் முதலில் இங்கே கம்பெனி வரி கட்டணும், மிச்சத்தை எல்லாப் பங்குதாரருக்கும் பகிரணும். அதே பணத்தை 'உங்க பேரைப் பயன்படுத்தினோம், உங்க தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினோம்' என்று ராயல்டியாக அனுப்பினால் அது செலவுக் கணக்கு. லாபத்திலிருந்து முன்கூட்டியே கழிஞ்சுடும். தாய்க்கு மட்டும் போகும். அதுக்கும் ஒரு பிடித்தம் உண்டு, கம்பெனி வரியைவிட ரொம்பக் குறைவு. 2009 டிசம்பர் வரைக்கும் ராயல்டிக்கு ஒரு உச்சவரம்பு இருந்தது: உள்நாட்டு விற்பனையில் 5 சதவீதம், ஏற்றுமதியில் 8. அதைத் தாண்ட அரசு அனுமதி வேணும். மன்மோகன் சிங் அரசு அந்த வரம்பைத் தூக்கிவிட்டது. அப்புறம் ஒவ்வொருத்தராக ஏற்றினாங்க. இந்துஸ்தான் யூனிலீவர் 2013ல் தாய்க்குக் கட்டுகிற ராயல்டியை விற்பனையில் 1.4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3.15 சதவீதத்துக்குக் கொண்டு போவதாக அறிவித்தது. சோப்பு அதே சோப்புத்தான்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை எல்லாருக்கும் நினைவிருக்கும். 2005ல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006ல் உற்பத்தி. சிறப்புப் பொருளாதார மண்டலம், வரிச்சலுகை, நிலம், மின்சாரம் எல்லாம் கொடுத்தோம். பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பஸ் ஏறிப் போனாங்க. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை உள்ளே வந்தது. கைபேசிக்குள் இருக்கிற மென்பொருளுக்காக இங்குள்ள கம்பெனி ஃபின்லாந்துத் தாய்க்குப் பணம் அனுப்பியிருக்கு. அது ராயல்டி, வரி பிடிச்சிருக்கணும், 2,000 கோடிக்கு மேல் பாக்கி என்றது துறை. ராயல்டி இல்லை, சரக்கு வாங்கின விலை என்றது கம்பெனி. ஏற்றுமதி என்று சொன்ன போன்கள் உள்நாட்டில் போயிருக்கு என்று மாநில அரசும் தனியாக 2,400 கோடி கேட்டது. அதையும் கம்பெனி மறுத்தது. ஆலை முடக்கப்பட்டது, மைக்ரோசாஃப்ட் வாங்கினபோது இந்த ஆலையை விட்டுவிட்டு வாங்கியது, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. 2018ல் ரெண்டு நாட்டு அரசுகளும் பேசி 1,600 கோடியில் மத்திய வரி வழக்கை முடிச்சாங்க. இன்னொரு விஷயம், இந்த மாதிரி மென்பொருள் விலை ராயல்டி ஆகாது என்று 2021ல் உச்ச நீதிமன்றம் வேறு கம்பெனிகளின் வழக்கில் சொல்லிவிட்டது. யார் சட்டப்படி சரி என்பதை வக்கீல்கள் பேசட்டும். நான் கேட்கிறது: அந்த போனுக்குள்ள இருக்கிற மென்பொருள் எவ்வளவு பெறும் என்று முடிவு செய்தது யார்? வாங்குறவனும் விக்கிறவனும் ஒரே ஆள். தனக்குத்தானே பில் போட்டுக்கொள்கிற உரிமை, அதுதான் உடைமை. வரி வழக்குக்குச் சமரசம் கிடைச்சது. வேலை போன பெண்களுக்கு எந்த நாட்டோட எந்த அரசு போய்ப் பேசிச்சு?

ஆப்பிரிக்காவிலும் இதே கதை, சுருக்கமாகச் சொல்றேன். ஜாம்பியாவின் மோபானி தாமிரச் சுரங்கம் 2000 வரை அரசுக் கம்பெனி. உலக வங்கி, ஐ.எம்.எஃப். நெருக்குதலில் விற்றாங்க. சுவிட்சர்லாந்தின் கிளென்கோர் பெரும்பங்கைப் பிடித்தது. தோண்டின தாமிரத்தைத் தன் சொந்த வியாபாரக் கிளைக்குக் குறைந்த விலைக்கு விற்றது. வரித்துறை வழக்குப் போட்டு 2020ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஜெயிச்சது. சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர். அது 2006 முதல் 2009 வரைக்குமான கணக்கு. தீர்ப்பு வரப் பத்து வருஷத்துக்கு மேல்.

இப்போ மொரீசியஸ். மொரீசியஸ் ரூபாய் நோட்டைப் பார்த்திருக்கீங்களா? அதில் தமிழ் எழுத்து இருக்கும். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகக் கப்பலேற்றப்பட்டவங்களின் எழுத்து அது. நம்மாள் உழைப்பைக் கப்பலில் கொண்டுபோன அதே தீவு வழியாக, நூறு வருஷம் கழிச்சு முதலாளிகளின் பணம் காகிதத்தில் போய்த் திரும்பியது. 1982ல் இந்தியாவும் மொரீசியசும் ஒரு வரி ஒப்பந்தம் போட்டன. மொரீசியஸ் கம்பெனி இந்தியாவில் பங்கு விற்று லாபம் பார்த்தால் இந்தியா வரி போடக்கூடாது, மொரீசியஸ்தான் போடணும். மொரீசியசில் அந்த வரியே கிடையாது! இங்கேயும் இல்லை அங்கேயும் இல்லை. அப்புறம் என்ன, போர்ட் லூயியில் ஒரு பெயர்ப்பலகை இருந்தால் போதும். 2000க்குப் பிறகு பதினைந்து வருஷம் இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கு பன்னிரண்டு லட்சம் சனத்தொகை உள்ள அந்தத் தீவிலிருந்து வந்ததாகக் கணக்கு. அதில் இங்கிருந்தே சுற்றிப் போன பணம் எவ்வளவு என்பது அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். இதை எதிர்த்த வழக்கில் 2003ல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும், மொரீசியஸ் அரசின் சான்றிதழே போதும் என்றது. 2016ல்தான் ஒப்பந்தத்தைத் திருத்தினாங்க. 2017 ஏப்ரலுக்குப் பின் வாங்கின பங்குக்குத்தான் வரி. முப்பத்து நாலு வருஷம்!

வோடஃபோன் வழக்கும் இதன் தம்பிதான். 2007ல் இந்திய செல்போன் தொழிலின் ஒரு பெரும்பங்கு ஹட்சிசனிடமிருந்து வோடஃபோனுக்குக் கைமாறியது, சுமார் 1,100 கோடி டாலருக்கு. டவர் இங்கே, சந்தாதாரர் இங்கே. விற்றது மட்டும் கேமன் தீவில் இருந்த ஒரு கம்பெனியின் பங்கை. சுமார் 11,000 கோடி ரூபாய் வரி கேட்டாங்க. 2012ல் உச்ச நீதிமன்றம் கட்ட வேண்டாம் என்றது. பின்தேதியிட்டுச் சட்டம் திருத்தினாங்க, சர்வதேச நடுவர் மன்றத்தில் 2020ல் தோற்றாங்க, 2021ல் அந்தத் திருத்தத்தையே வாபஸ் வாங்கினாங்க. குடிசைக்குப் பின்தேதியிட்டு வீட்டுவரி கேட்டால் நாம எந்த நடுவர் மன்றத்துக்குப் போறது?

அப்போ அரசே முழு உடைமையாளராக இருந்தால் எல்லாம் சரியாகிடுமா? இந்த இடத்தில்தான் நம்ம தோழர்கள் சட்டுனு 'ஆமாம்' என்பாங்க. பாபாசாகேப் 1947ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் முக்கியத் தொழில்கள் அரசுடைமையாக இருக்கணும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதச் சொன்னார். பொருளாதார அதிகாரம் தனியார் கையில் இருந்தால் அடிப்படை உரிமை வெறும் எழுத்து என்பது அவர் வாதம். வரி விஷயத்திலும் பொதுத்துறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஓ.என்.ஜி.சி.யோ கோல் இந்தியாவோ வரியை மிச்சம் பிடித்தால் மேனேஜருக்கு அதில் பங்கில்லை. கணக்கை மத்திய தணிக்கைத் துறையும் பார்க்கும். வரியாகப் போனாலும் டிவிடெண்டாகப் போனாலும் ஒரே கஜானா. இடது பாக்கெட், வலது பாக்கெட். சீனாவிலும் அரசு கையில் உள்ள கம்பெனிகள் தனியாரைவிடக் குறைவாகவே வரி தவிர்க்கின்றன என்று ஆய்வுகள் சொல்லுது.

ஆனால் ரெண்டு பாக்கெட்டும் ஒரே சட்டையில் இருக்கணும். அதே சீனாவில் 2002க்குப் பிறகு கம்பெனி வரியில் பெரும்பகுதி மத்திய அரசுக்கு என்று ஆனதும், உள்ளூர் அரசுகள் கையில் இருக்கிற கம்பெனிகள் வரியைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டன. வரி மேலே போகுது, லாபம் தன்னிடம் தங்குது என்றால் உள்ளூர் அரசும் மில் முதலாளி மாதிரியே யோசிக்கும். நம்ம டாஸ்மாக் மட்டும் என்ன? 1983ல் தொடங்கின முழு அரசுக் கம்பெனி, 2003 முதல் சில்லறைக் கடையும் அதன் கையில். 2023-24ல் அதன் மூலம் மாநில அரசுக்கு 45,000 கோடிக்கு மேல் வருவாய். ஆனால் கம்பெனியின் லாபம்? அதைப் பார்க்கவே பூதக்கண்ணாடி வேணும். ஏன்னா பணம் ஆயத்தீர்வையாகவும் மதிப்புக் கூட்டு வரியாகவும் முன்னாடியே உறிஞ்சப்பட்டுவிடும். லாபமாகத் தங்கவிட்டால் டெல்லி வருமான வரி கேட்கும். இப்படி மாநில அரசுகள் தங்கள் கம்பெனிகளிடமிருந்து கட்டணம் என்ற பெயரில் லாபத்தை உருவக்கூடாது என்று மத்திய அரசு 2013ல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவே சேர்த்தது. கேரள மதுபானக் கழக வழக்கில் 2022ல் உச்ச நீதிமன்றம் அதைப் பெருமளவு உறுதி செய்தது. மாநில உரிமை பேசுறவங்க இதில் டாஸ்மாக் பக்கம் நிற்கலாம், எனக்கும் கொஞ்சம் அந்தச் சாய்வு உண்டு. ஆனால் ரெண்டு அரசும் அடிச்சுக்கிற அந்தப் பணம் நம்ம சேரி ஆண்களின் கூலிப் பணம் என்பதை மறக்க எனக்கு மனசு வரலை. நெய்வேலியில் முப்பது வருஷமாக ஒப்பந்தக் கூலியாகவே இருக்கிறவனிடம் போய்ப் பொதுத்துறையின் பெருமையைப் பேசவும் எனக்குத் தைரியம் இல்லை.

இருந்தும் பொதுத்துறையை விற்கும்போது நமக்கு ரெண்டு அடி. 2001ல் பால்கோ அலுமினியக் கம்பெனியின் 51 சதவீதத்தை 551.5 கோடிக்கு ஸ்டெர்லைட்டிடம் கொடுத்தாங்க. அன்றோடு அங்கே புது வேலைக்கு இடஒதுக்கீடு கட்டாயமில்லை. இது கண்ணுக்குத் தெரிகிற அடி. தெரியாத அடி என்னவென்றால், வரியைத் தவிர்க்க ஆசையே இல்லாத உடைமையாளர் போய், ஆசையும் வழியும் உள்ளவர் வர்றார். முதல் அடிக்குக் கொடி பிடிச்சோம். ரெண்டாவதுக்கு ஒரு துண்டறிக்கைகூடப் போடலை.

இப்போ விடுதிக்குத் திரும்புவோம். 2019 செப்டம்பர் 20ஆம் தேதி நிர்மலா சீதாராமன் கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைச்சார், புதுசா ஆலை தொடங்கினால் 15. தவிர்க்கக் கஷ்டப்படுவானேன், சட்டமே குறைத்துத் தருது! அதனால் ஒரு வருஷத்துக்கு இழப்பு 1,45,000 கோடி என்று அரசே சொன்னது. அடுத்த வருஷம் டிசம்பரில், தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகைக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 59,048 கோடி என்று மந்திரிசபை அறிவித்தது. அதிலும் 40 சதவீதம் மாநிலங்கள் தலையில். 1944ல், பாபாசாகேப் வைசிராய் நிர்வாக சபையில் இருந்த காலத்தில் தொடங்கின திட்டம் அது. ஒரு வருஷத்துக் கம்பெனிச் சலுகை, ஐந்து வருஷத்து உதவித்தொகையைப் போல ஏறக்குறைய ரெண்டரை மடங்கு. 2023-24ல் தனிநபர் வருமான வரி வசூல் 10 லட்சம் கோடியைத் தாண்டிச்சு. கம்பெனிகள் கட்டினது சுமார் 9 லட்சம் கோடி. தனிநபர்கள் கட்டினதைவிடக் கம்பெனிகள் கட்டினது குறைவு. சம்பளமே இல்லாதவன் ஜி.எஸ்.டி.யாகத் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டுறான், அவனுக்குப் பதினோரு ஃபைல் கிடையாது.

கடைசியா ஒரு வேலை கொடுக்கிறேன். பங்குச் சந்தையில் இருக்கிற ஒவ்வொரு கம்பெனியும் வருஷ அறிக்கை வெளியிடணும், காசு கேட்க மாட்டாங்க. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கம்பெனி எடுத்துட்டு வாங்க. முன்பக்கத்து போட்டோவையும் சேர்மன் உரையையும் தள்ளுங்க. பின்னால் மூணு இடம் பாருங்க: 'புரமோட்டர்' பங்கு யார் யார் பேரில் இருக்கு, 'தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை' என்கிற குறிப்பில் யாருக்கு என்ன போயிருக்கு, லாபம் எவ்வளவு காட்டி வரி எவ்வளவு கட்டினாங்க. இங்கிலீஷில்தான் இருக்கும், பி.காம். படிக்கிற தோழர்கள் ரெண்டு பேர் இருக்காங்க, கூட உட்காருங்க. பேர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிட்டு வாங்க, அப்பா பேர் மகன் பேர் மருமகள் பேர், டிரஸ்ட் பேர், தீவு பேர். அதை வெச்சுக்கிட்டுப் பேசுவோம். டீ வந்திருக்கு போல, கேள்வி இருக்கிறவங்க டீயோட கேளுங்க.